கூச்சம் தந்த காய்ச்சல்

அமெரிக்காவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், "என்னென்ன பார்த்தீங்க?" என்று தெருவே கூடிக் கேட்கும். நானும் மலையைப் பார்த்தேன், ஆற்றைப் பார்த்தேன் என்று வரிசையாகச் சொல்லி வைத்தேன். ஆனால் அங்கே நான் கற்றுக்கொண்ட பெரிய பாடத்தை மட்டும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காரணம், அது ஒரு சாக்கடைத் துவாரத்தின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட பாடம்! முகம் சுளிக்காமல் படியுங்கள், சகோதரிகளே. உங்களில் பலருக்கும் அது பயன்படும்.

2019-ம் வருடம், ஜூலை மாதம். என் மகளின் குடும்பம் மினியாபொலிஸ் நகரத்தில் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. "அம்மா, தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் போறோம். மவுண்ட் ரஷ்மோர்ல நாலு ஜனாதிபதிகளோட முகத்தை மலையிலேயே செதுக்கி வச்சிருக்காங்க, பார்க்கலாம். ஓட்டல் வேண்டாம்னு ஆர்.வி. எடுத்திருக்கோம்" என்றாள் மகள்.

"அது என்னடி ஆர்.வி.?"

"வீடு மாதிரி வண்டிம்மா. அதுலயே சமைக்கலாம், தூங்கலாம், குளிக்கலாம்."

போகும் தூரம் மட்டும் ஏறக்குறைய 600 மைல். என் வீட்டுக்காரர் முழங்கால் வலிக்காரர், அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று மதுரையிலேயே தங்கிவிட்டார். ஆகவே வண்டியில் நான், மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேரன், ஒன்பது மாதப் பேத்தி ஆகிய ஐந்து பேர்.

வண்டியைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். காஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி, மடக்கினால் மேஜை விரித்தால் படுக்கை, ஒரு மூலையில் சின்னதாக ஒரு பாத்ரூம். அரிசி, பருப்பு, குக்கர், ஊறுகாய் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிட்டு, "ஒரு குறையும் இல்லே" என்று மகிழ்ந்தேன். வண்டியை வாடகைக்குக் கொடுத்த ஆள் மாப்பிள்ளையிடம் விளக்கிக்கொண்டிருந்ததை அவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அத்தை, இந்த வண்டியில மூணு தொட்டி இருக்கு. ஒண்ணு நல்ல தண்ணி, 150 லிட்டர் பிடிக்கும். ரெண்டாவது சாம்பல் தொட்டி. பாத்திரம் கழுவுற தண்ணி, குளிக்கிற தண்ணியெல்லாம் அதுல போகும். மூணாவது கறுப்புத் தொட்டி. டாய்லெட்ல போறது மட்டும் அதுல சேரும்."

"சேர்ந்து?"

"நிறைஞ்சதும் டம்ப் ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் காலி பண்ணணும்."

"யார் காலி பண்றது, மாப்பிள்ளை?"

"நான்தான் அத்தை. வேற யாரு?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் அவர் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க விடாத குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்டவர், நான் போனதைத் தன் கையால் வெளியேற்றுவதா? நினைக்கவே உடம்பு கூசியது. அந்த நிமிஷமே மனசுக்குள் ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். இந்த வண்டியின் டாய்லெட்டை நான் உபயோகிக்கப் போவதில்லை. அதற்கு ஒரே வழி, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது!

நம் பெண்களுக்கு இது புதிய வித்தை இல்லையே. பஸ் பிரயாணம் என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவோம். கல்யாண மண்டபத்தில் அடக்கிக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை சரியில்லை என்று காலை முதல் மாலை வரை அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு ஓடுகிற பெண் குழந்தைகள் எத்தனை பேர்! என் மகளும் அப்படி ஓடியவள்தான்.

முதல் நாள் சமாளித்துவிட்டேன். ராத்திரி தங்கிய முகாமில் பொதுக் கழிப்பறை இருந்தது. நட்டநடு ராத்திரியில் டார்ச் விளக்கோடு அங்கே நடந்து போய்வந்தேன். "ஏம்மா, வண்டியிலேயே இருக்கே?" என்று மகள் கேட்டதற்கு, "காலார நடந்தா நல்லதுடி" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் மிசௌரி நதியைத் தாண்டும் முன்பாக, சேம்பர்லின் ஊரருகே பெருஞ்சாலை ஓய்விடத்தில் நின்றோம். அங்கே பூர்வகுடிப் பெண்மணி ஒருத்தியின் பெரிய சிலை இருக்கிறது. 50 அடி உயரம், எவர்சில்வர் போலப் பளபளக்கும் உலோகம், தோளைச் சுற்றி நட்சத்திரப் போர்வை. 2016-ல் நிறுவியது. அதன் பெயருக்கு "கௌரவம்" என்று அர்த்தம் என்றாள் மகள். நான் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, முதல் வேலையாக அங்கிருந்த கழிப்பறைக்கு ஓடினேன். என் கௌரவம் அப்படி!

அதற்குப் பிறகு சாலையோரமெல்லாம் விளம்பரப் பலகைகள். "வால் ட்ரக் கடையில் இலவச ஐஸ் தண்ணீர்!" மைலுக்கு மைல் அதையே பார்த்துக்கொண்டு, நாக்கு வறள வறள நான் உட்கார்ந்திருந்தேன். வெயிலோ நம் ஊர் அக்கினி நட்சத்திரம்தான்.

அன்று ராத்திரியும் மறு ராத்திரியும் பேட்லேண்ட்ஸ் மலைச்சரிவுகளுக்குப் பக்கத்தில், திறந்த புல்வெளியில் வண்டியை நிறுத்தித் தங்கினோம். அங்கே முகாம் கட்டடம் இல்லை, குழாய் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வேறு மனிதரே இல்லை. இப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கே போவது? நாளைக்கு இரண்டே தடவை, அதுவும் மாப்பிள்ளை பிள்ளையோடு வெளியே நடக்கப் போகும் நேரம் பார்த்து வண்டியில் போனேன். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது வினை. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். போய்விட்டு வந்து படுத்தால் மறுபடியும் போக வேண்டும் போல் இருக்கும். அடிவயிற்றில் வலி. விடியற்காலையில் குளிர் நடுக்கம், காய்ச்சல். எழுந்தவள் தலைசுற்றி அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "அம்மா! அம்மாச்சி கீழ விழுந்துட்டாங்க!" என்று பேரன் அலறினான்.

அரைமணி நேரப் பிரயாணத்தில் ஒரு சின்ன ஊர் வந்தது. ஊர் என்றால் ஒரே ஒரு கடைத்தெரு, தானியம் கொட்டிவைக்கும் உயரமான குதிர்கள், ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், நல்லவேளையாக ஒரு சிறிய மருத்துவ நிலையம். சிறுநீர்ப் பரிசோதனை செய்த டாக்டரம்மாள், கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். கிருமிகள் மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் குளிர்காய்ச்சலும் முதுகுவலியுமாகப் பெரிய வியாதியாகிவிடும் என்று எச்சரித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். நான் உண்மையைச் சொன்னேன்.

"ஏன்?" என்று டாக்டரம்மாள் கேட்கவில்லை. மகள்தான் கேட்டாள். காரணத்தைச் சொன்னதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்பத்தா மூணு வருஷம் படுத்த படுக்கையா கிடந்தாங்களே, அவங்களுக்கு பெட்பேன் வச்சு எடுத்தது யாரும்மா? நீதானே? அவங்க கூச்சப்பட்டு சாப்பிடாம இருந்தப்போ, 'என் பிள்ளைக்குச் செய்யமாட்டேனா அத்தை'ன்னு சொன்னியே. இவர் உன் பிள்ளை இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் செய்தால் கடமை, மாப்பிள்ளை செய்தால் அவமானமா? அதுவரை அப்படி யோசித்ததே இல்லை.

இனி மேல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், கூச்சப்படாமல் போக வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. ஆனால் கறுப்புத் தொட்டியின் விளக்கோ "நிறைந்துவிட்டது" என்று காட்டியது. உடனே டம்ப் ஸ்டேஷன் கண்டுபிடிக்க வேண்டும். நாட்டுப்புறத்தில் அது லேசில்லை என்று அன்று தெரிந்தது. கண்ட இடத்தில் திறந்துவிடுவது அங்கே குற்றம். செல்போனில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அது காட்டிய பெட்ரோல் பங்க் ஒன்றுக்குப் போனால், அங்கே மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஒரு முகாமில், தங்குபவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். நான் வண்டிக்குள் மறுபடியும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இந்தத் தடவை கூச்சத்தால் இல்லை, தொட்டியில் இடம் இல்லாததால்!

கடைசியில் மகள்தான் ஒரு காரியம் செய்தாள். பலசரக்குக் கடையில் இறங்கி, கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். "தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்குப் பின்னாலே ஊர்ப் பூங்கா இருக்கு. நீலப் பலகையைப் பாருங்க" என்று அவள் கை காட்டினாள். போனில் கிடைக்காத விஷயம் கடைக்காரம்மாளிடம் கிடைத்தது.

நீலப் பலகையில் வெள்ளையாக ஒரு வண்டிப் படம், அடியில் தரையைப் பார்க்கும் அம்பு. அதுதான் அடையாளம். சிமெண்டுத் தளம், நடுவில் மூடி போட்ட துவாரம், பக்கத்தில் ஒரு குழாய், ஒரு கம்பத்தில் உண்டியல். "ஐந்து டாலர் போடவும்" என்று எழுதியிருந்தது. காவலுக்கு ஒருவரும் இல்லை. நம்பிக்கைதான் காவல்.

எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றது. அதிலிருந்து இறங்கியது எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அமெரிக்க அம்மாள். தன்னந்தனியாக! சிவப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, நாம் வாசல் தெளிப்பதுபோல் சர்வ சாதாரணமாக வேலையை முடித்தாள். பிறகு மாப்பிள்ளை தடுமாறுவதைப் பார்த்து நின்றாள். அவர் சாம்பல் தொட்டியின் கைப்பிடியை இழுக்கப் போனதும், "கறுப்பு முதலில்! சாம்பல் பிறகு!" என்று தடுத்தாள். முதலில் மலத்தொட்டியைத் திறந்து, பிறகு சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால், அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடுமாம். அட, எண்ணெய்ச் சட்டியைக் கடைசியில் கழுவுகிற நம் சமையலறைக் கணக்கைத் திருப்பிப் போட்டது போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை செய்தார். தடித்த குழாயின் ஒரு முனையை வண்டியில் திருகி மாட்டினார், மறு முனையைத் துவாரத்தில் நுழைத்து, நழுவாமல் மேலே ஒரு கல்லை வைத்தார். கறுப்புத் தொட்டியின் கைப்பிடியை இழுத்தார். சத்தம் அடங்கியது. அப்போது அந்த அம்மாள், "உள்ளேயிருந்து யாராவது டாய்லெட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்றாள்.

"நான் ஊத்துறேன்" என்று எழுந்துவிட்டேன்.

"அத்தை, உங்களுக்குக் காய்ச்சல்..."

"நீங்க வெளியே நிக்கும்போது எனக்கு என்ன, மாப்பிள்ளை? சின்ன வாளிதானே."

ஒன்று, இரண்டு, மூன்று வாளி. வெளியே குழாயில் போகிற தண்ணீர் தெளிந்துவிட்டது என்று பேரன் உள்ளே ஓடிவந்து தகவல் சொன்னான். பிறகு கறுப்பை மூடி, சாம்பலைத் திறந்து, அதையும் மூடி, குழாயை வண்டிப் பக்கமிருந்து கழற்றித் தூக்கி வடியவிட்டு அலசி, தளத்தில் ஒரு சொட்டு இல்லாமல் கழுவிவிட்டு, மூடியையும் மூடினோம். மொத்தமே கால்மணி நேரம்தான்! இதற்காகவா மூன்று நாள் நாக்கு வறண்டு கிடந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "அத்தை, ஒரு காபி கிடைக்குமா?" என்றார். நாட்டுப்புறத்து டம்ப் ஸ்டேஷனில் நான் போட்ட அந்தக் காபியை மறக்க மாட்டேன்.

அந்த அம்மாள் கிளம்பும் முன் சொல்லிப்போன குறிப்புகளை மகள் எழுதி வைத்துக்கொண்டாள். பிள்ளைகளோடு இப்படிப் பிரயாணம் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் இங்கே தருகிறேன்:

* தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறையும் வரை வால்வைத் திறக்கக் கூடாது. திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய்க் கெட்டியானது உள்ளே தங்கிவிடும்.

* தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று டாய்லெட்டில் கஞ்சத்தனம் கூடாது. தாராளமாக ஊற்றினால்தான் நாற்றமும் அடைப்பும் வராது. காலி செய்தபின் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும்.

* கைக்குழந்தையின் டயபர், ஈரத் துடைப்பான், சானிட்டரி நாப்கின் இவை எதுவும் உள்ளே போகக் கூடாது. டிஷ்யூ காகிதத்தை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். கரைந்தால் சரி.

* நாற்றத்துக்கு ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து வேண்டாம். நாட்டுப்புறத்தில் பல துவாரங்கள் செப்டிக் டாங்க்கில்தான் முடிகின்றன. அங்கே கழிவை மக்க வைக்கும் நல்ல கிருமிகளை அது கொன்றுவிடும்.

* துவாரத்தின் பக்கத்திலுள்ள குழாய் அலசுவதற்கு மட்டுமே. குடிதண்ணீரை அதில் பிடிக்கவே கூடாது. குடிதண்ணீருக்குத் தனிக் குழாய், தனி ஹோஸ்.

* தொட்டி விளக்கு சில சமயம் பொய் சொல்லும். உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தாலும் "நிறைந்தது" என்று காட்டும்.

* கிளம்பும் முன்பே வழியிலுள்ள ஸ்டேஷன்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலப் பூங்காக்கள், முகாம்கள், லாரிகள் நிற்கும் பெரிய பங்க்குகள், ஊர்ப் பூங்காக்கள், சில ஓய்விடங்கள் இங்கெல்லாம் இருக்கும். திறந்திருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்பது உத்தமம்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. வால் ஊருக்குப் போனோம். அந்தக் கடையின் கதையை மகள் படித்துச் சொன்னாள். 1931-ல் டெட் ஹஸ்டெட் என்பவரும் அவர் மனைவி டோரதியும் வாங்கிய மருந்துக்கடை அது. வருடக்கணக்காக வியாபாரமே இல்லை. 1936 கோடையில், கைக்குழந்தைக்காரியான டோரதிக்கு ஒரு யோசனை. வெயிலில் கார்களில் போகிறவர்களுக்கு வேண்டியது என்ன? ஐஸ் தண்ணீர்! இலவசம் என்று சாலையில் எழுதி வைத்தார்கள். கூட்டம் அன்றைக்கே வர ஆரம்பித்ததாம். வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணின் சாதாரண யோசனை! அந்தத் தண்ணீரை நான் இரண்டு டம்ளர், நிதானமாக, கணக்குப் பார்க்காமல் குடித்தேன். ரஷ்மோர் மலையையும் பார்த்தேன். ஆனால் என் மனசில் நின்றவர்கள் ஐஸ் தண்ணீர் டோரதியும் சிவப்புக் கையுறை அம்மாளும்தான்.

சகோதரிகளே, வயதான பெண்களும் கர்ப்பிணிகளும் சிறுநீரை அடக்கவே கூடாது. எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, அடிவயிற்று வலி இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டாக்டர் கொடுத்ததை, எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். பள்ளிக்குப் போகும் மகளிடம், "இன்னிக்கு எத்தனை தடவை போனே?" என்று கேளுங்கள். அவள் போகவில்லை என்றால், குறை அவளிடம் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது. பள்ளியில் போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. நான் ஊருக்குத் திரும்பிய சில மாதத்தில் எங்கள் வீட்டு செப்டிக் டாங்க் நிறைந்து லாரி வந்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டாலே ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்த ஆட்களின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை வாசலில் நின்றேன். ஒரு பையன் வெறுங்கையோடு குழாயைப் பிடித்திருந்தான். "கையுறை எங்கேப்பா?" என்றேன். "அதெல்லாம் இல்லக்கா. அடியில கட்டியா இருந்தா இறங்கி எடுத்துடறேன்" என்றான். உரிய பாதுகாப்பு இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்குவது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம். விஷவாயு உயிரையே குடித்துவிடும். "இறங்கவே கூடாது. லாரி எடுத்தது போதும்" என்று கண்டிப்பாகச் சொல்லி, என் வீட்டுக்காரரை அனுப்பி இரண்டு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வரச் செய்தேன். முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் கொடுத்து, மோர் கொடுத்தேன்.

"நீ அமெரிக்காவில என்னத்தைக் கத்துக்கிட்டு வந்தேன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் அவர்.